ஐம்பது நாள் ஈஸ்டர்: யாழ்ப்பாணத்து லூத்தரன் சபை ஒன்றின் ஆராதனை

யாழ்ப்பாணத்தில் புரொட்டஸ்தாந்து சபைகள் என்ற பேச்சு எழுந்தால், 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரிமாரின் வழியில் நிற்கும் சபைகளும், 1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரின் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபையும், அங்கிலிக்கன் திருச்சபையுமே பெரும்பாலோரின் நினைவுக்கு வரும். பதினாறாம் நூற்றாண்டின் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் வழிவந்த லூத்தரன் ஆராதனையை நம்மில் பலர் ஒருமுறையேனும் கண்டதில்லை. நானும் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்களில் ஒருவர். நகரத்துக்கு அண்மையில், வாடகைக்கு எடுத்த மண்டபம் ஒன்றில் கூடும் ஒரு சிறிய லூத்தரன் சபையின் ஆராதனைகளில் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறு தொடங்கி யூன் 8ஆம் திகதி, பரிசுத்த ஆவியின் வருகையை நினைவுகூரும் பெந்தெகோஸ்தே வரையான காலத்தில் கலந்துகொண்டேன். சபை மிகச் சிறியதாகையால், அங்கத்தவர்களின் தனிமையைக் கருதி அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் காலையில் நிரம்பி வழிந்த தேவாலயம் அடுத்த ஞாயிறு பாதியாகிவிடுவதைக் கண்டு மனம் சோர்ந்த எவரும் போய் அமர்ந்து வழிபட வேண்டிய இடம் இது. குறைகள் உண்டு, அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாம் ஈஸ்டரை ஒரு நாளாகக் கொண்டாடுகிறோம். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் லெந்து என்னும் தவக்காலத்துக்குக் கூட்டங்களும் உபவாச ஜெபங்களும் ஒழுங்கு செய்கிறோம், பெரிய வெள்ளிக்கு இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வசனங்களையும் மூன்று மணிநேரம் தியானிக்கிறோம், உயிர்த்த ஞாயிறு விடியற்காலையில் வெள்ளை உடுத்திப் பாடுகிறோம். அத்துடன் பாடகர் குழு ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. துக்கத்துக்கு நாற்பது நாளும் மகிழ்ச்சிக்கு ஒரு காலைப்பொழுதும் என்ற இந்தக் கணக்கைத் திருச்சபையின் பழைய நாட்காட்டி ஏற்பதில்லை. அதன்படி ஈஸ்டர் முதல் பெந்தெகோஸ்தே வரையான ஐம்பது நாட்களும் ஒரே பண்டிகை. 325ஆம் ஆண்டு நிக்கேயாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம் தனது இருபதாவது விதியில், இந்த நாட்களில் முழங்காற்படியிடாமல் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தது. நான் சென்ற சபையார் அந்த வழக்கத்தை இன்றும் கைக்கொள்கிறார்கள். பாவ அறிக்கையைக்கூட நின்றபடியே சொல்கிறார்கள். முழங்கால் வலிக்கும் முதியவர்களுக்காக இப்படிச் செய்கிறார்கள் போலும் என்று முதலில் எண்ணினேன். மூப்பர் ஒருவர் காரணத்தை விளக்கியபோதுதான் அதன் ஆழம் தெரிந்தது.

மண்டபத்தின் உள்ளே ஆடம்பரம் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் கதிரைகள், வெள்ளைத் துணி விரித்த பலிபீடம், சிலுவை, அதன் அருகில் ஆளுயரத் தண்டில் ஒரு பெரிய மெழுகுதிரி, இவ்வளவுதான். அந்த மெழுகுதிரி ஈஸ்டர் அன்று ஏற்றப்பட்டு, ஐம்பது நாட்களும் ஒவ்வோர் ஆராதனையிலும் எரிகிறது. போதகர் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று தொடங்க, சபையார் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார், அல்லேலூயா" என்று பதிலளிக்கிறார்கள். ஈஸ்டர் அன்று எந்தச் சபையிலும் இதைக் கேட்கலாம். மே மாதம் முடியும் தறுவாயிலும், வெக்கை தாங்காமல் பாட்டுப் புத்தகங்களால் விசிறிக்கொண்டிருந்தவர்கள் அதே குரலில் அதே பதிலைச் சொன்னதே என்னை ஈர்த்தது. வழக்கமாகப் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுக்கப்படும் முதலாம் பாடம் இந்தக் காலத்தில் அப்போஸ்தலருடைய நடபடிகளிலிருந்து வாசிக்கப்படுகிறது. உயிர்த்தெழுதலைக் கண்டவர்கள் அதன்பின் என்ன செய்தார்கள், எப்படி ஒன்றுகூடினார்கள், எதைப் பகிர்ந்தார்கள் என்பதை வாரம் வாரமாகத் தொடர்ந்து கேட்கும்போது, அந்த முதற் சபையின் கதைக்குள் நாமும் நடந்து செல்வது போன்ற உணர்வு உண்டாகிறது.

இலங்கைக் கிறிஸ்தவருக்கு ஈஸ்டருக்குப் பிந்திய நாட்கள் 2019க்குப் பின் பழையபடி இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் விடுதிகளிலும் நடந்த குண்டுத்தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2025இல் அந்த நினைவுநாள் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமையில் வந்தது. அன்று மாலை சபையார் மீண்டும் கூடி, மெழுகுதிரியை ஏற்றி, ஒரு சங்கீதமும் ஒரு ஜெபமும் சொல்லிக் கலைந்தார்கள். பிரசங்கம் இல்லை, காணிக்கை இல்லை. பண்டிகைக்கு மறுநாள் மாலையில், களைத்திருந்த நேரத்தில் இதற்கென வந்தவர்களின் தொகை சிறிதாயினும், அந்தக் கூடுகை நடந்ததே பெரிதென்று நினைக்கிறேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, உயிர்த்தெழுதலை முதலில் நம்பாத சீஷன் தோமாவின் சரித்திரம் வாசிக்கப்பட்டது. அதே பகுதியில், உயிர்த்தெழுந்தவர் தம்முடைய சீஷர்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுக்கும் வசனமும் இருக்கிறது. லூத்தரன் ஆராதனையில் அந்த வசனம் வெறும் வாசிப்பாக நின்றுவிடுவதில்லை. சபை பாவத்தை அறிக்கையிட்டபின், போதகர் கிறிஸ்துவின் கட்டளையின்படி "நான் உங்களுக்குப் பாவமன்னிப்பைக் கொடுக்கிறேன்" என்று நேராகவே சொல்கிறார். "தேவன் மன்னிப்பாராக" என்ற வேண்டுதலைக் கேட்டு வளர்ந்த என் காதுக்கு இது முதலில் அந்நியமாக இருந்தது. ஆனால் தோமாவின் ஞாயிறன்று, காரணத்தை வேதபாடத்திலேயே கேட்டபின், அந்த வார்த்தை எனக்கென்று சொல்லப்பட்டதாக ஏற்றுக்கொள்ள முடிந்தது. பூட்டிய கதவுகளுக்குள்ளே பயந்து ஒளிந்திருந்தவர்களிடம் முதலில் "சமாதானம்" என்ற சொல்லும் அதற்கடுத்து மன்னிப்பும் வந்தன என்று போதகர் அன்று விளக்கியது, அந்தக் காலம் முழுவதிலும் நான் கேட்ட பிரசங்கங்களில் மிகத் தெளிவானது.

எல்லாப் பிரசங்கங்களும் அந்தத் தரத்தில் இருந்தன என்று சொல்ல முடியாது. நல்ல மேய்ப்பனைப் பற்றிய ஞாயிறன்று பிரசங்கம் முக்கால் மணிநேரத்தைத் தாண்டியது. உதாரணங்கள் அனைத்தும் பனி பெய்யும் நாடுகளின் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. வலிகாமத்துத் தோட்டங்களில் எருவுக்காக இரவில் பட்டி அடைத்து, விடியும்வரை ஆடுகளைக் காவல்காக்கும் மனிதரை அறிந்த ஊரில் இது ஒரு பெரிய இழப்பு.

இசையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சபையார் கூடிப் பாடுவதை லூத்தரன் மரபு ஆராதனையின் உயிர்நாடியாகக் கருதுகிறது. 1524இலேயே லூத்தர் தம் கையால் ஓர் ஈஸ்டர் பாடலை எழுதி வெளியிட்டிருக்கிறார். தமிழுக்கு இந்த மரபு தரங்கம்பாடி வழியாக வந்தது. 1706 யூலை 9ஆம் திகதி சீகன்பால்க், புளூட்சோ என்ற லூத்தரன் மிஷனரிமார் அங்கே கரையிறங்கினார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. 1733இல் ஆரோன் என்ற தமிழர் போதகராக அபிஷேகம் பெற்றார். பின்னர் வந்த மிஷனரி பப்ரிஷியஸ் ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றைத் தமிழில் ஆக்கினார். இந்த ஞானப்பாட்டுகளின் பொருட்செறிவு வியக்கத்தக்கது. ஒரு சரணத்துக்குள் ஒரு முழுப் பிரசங்கத்தின் உபதேசம் அடங்கியிருக்கும். ஆயினும் ஜெர்மன் மெட்டுக்குள் அடங்குவதற்காகத் தமிழ்ச் சொற்கள் நெருக்கப்படும் இடங்களில் குறில் நெடிலாகவும் நெடில் குறிலாகவும் ஒலிக்கிறது. முதன்முறை பாடுபவர் மூச்சுவிட இடம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. முதியவர்கள் புத்தகம் பாராமலே பாடுகிறார்கள். இளைஞர்கள் உதட்டை அசைக்கிறார்கள்.

அதே ஆராதனையில் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை ஆர்மோனியத்துடனும் மிருதங்கத்துடனும் எடுத்தவுடன் மண்டபம் முழுவதும் விழித்துக்கொண்டது. தஞ்சாவூரில் லூத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பில் கற்ற சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் யாழ்ப்பாணத்து எல்லாச் சபைகளுக்கும் பொதுச்சொத்து. பல்லவியைப் பெண்கள் எடுக்க, அனுபல்லவியில் ஆண்கள் சேர, சிறுபிள்ளைகள் தாளம் போட்டார்கள். என்னுடைய ஒரு வேண்டுகோள்: ஞானப்பாட்டுகளைக் கைவிட வேண்டாம், ஆனால் கிழமை நடுவில் ஒரு மாலை இளைஞர்களைக் கூட்டி அவற்றைச் சொல் பிரித்துக் கற்பியுங்கள். அவ்வளவு செல்வத்தை முதியவர்களின் நினைவில் மாத்திரம் வைத்திருப்பது ஆபத்தானது. இதே தஞ்சாவூரிலிருந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் கற்ற கிறிஸ்தியான் தாவீது என்னும் தமிழர் 1801இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து ஊழியம் செய்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். அமெரிக்க மிஷனரிமார் வருவதற்கு முன்பே லூத்தரன் மரபில் வளர்ந்த ஒருவரின் குரலை இந்த ஊர் கேட்டிருக்கிறது.

மே 4ஆம் திகதி, திபேரியாக் கடலோரத்தில் நடந்த அந்தக் காலை உணவின் கதை வாசிக்கப்பட்டது. இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் திரும்பியவர்களுக்கு, கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் ஆயத்தமாக இருக்கின்றன. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று உயிர்த்தெழுந்தவர் அழைக்கிறார். சபையில் கடற்றொழில் செய்யும் குடும்பங்கள் இருப்பதால், வெறும் படகோடு திரும்பும் காலை எப்படியிருக்கும் என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆராதனை முடிந்ததும் மண்டபத்தின் பின்புறத்து வேப்பமர நிழலில் பாய் விரித்துக் காலை உணவு பரிமாறினார்கள். இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், ஒரு மீன்குழம்பு. சொதியில் பழப்புளியும் தேங்காய்ப்பாலும் அளவாகச் சேர்ந்திருந்தன. குழம்பு சற்று உறைப்பு. இதற்கெனத் தனியாகப் பணம் வாங்குவதில்லை. குடும்பங்கள் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவருகின்றன. ஒதுங்கி நின்ற என்னை அம்மா ஒருவர் "வாங்கோ பிள்ளை, ஏன் நிக்கிறியள், இருங்கோ" என்று கைபிடித்து இருத்தினார். யாருடைய பிள்ளை, எந்த ஊர், எந்தப் பகுதி என்று அவர் கேட்கவேயில்லை. யாழ்ப்பாணத்தில் புதியவர் ஒருவர் இந்தக் கேள்விகள் இல்லாமல் ஒரு நேரச் சாப்பாட்டை முடிப்பது எவ்வளவு அரிது என்பதை நம்மவர்கள் அறிவார்கள். ஈஸ்டர் காலம் முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் இந்த உணவு உண்டு. மற்றக் காலங்களில் தேநீரும் பணிசும் மாத்திரம்.

அடுத்து மே 18. ஈஸ்டருக்குப் பின் வரும் நாலாம் ஞாயிற்றுக்குப் பழைய லூத்தரன் நாட்காட்டியில் 98ஆம் சங்கீதத்தின் முதற்சொல்லைக் கொண்டு "பாடுங்கள்" என்று பெயர். கர்த்தருக்குப் புதுப்பாட்டைப் பாடும்படி அழைக்கும் அந்த ஞாயிறு, 2025இல் முள்ளிவாய்க்கால் நினைவு நாளன்றே வந்தது. வன்னியிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பங்கள் அந்தச் சபையில் உண்டு. இப்படிப்பட்ட நாளில் ஒரு சபை இரண்டு விதமாகத் தவறலாம். பண்டிகைக் காலம் என்று சொல்லித் துயரத்தை வாசலிலேயே நிறுத்திவிடலாம். அல்லது துயரத்தின் முன் உயிர்த்தெழுதலைப் பேச வெட்கப்பட்டு மௌனமாகலாம். இவர்கள் இரண்டையும் செய்யவில்லை.

வெள்ளைத் துணியை மாற்றவில்லை, மெழுகுதிரியை அணைக்கவில்லை. ஆரம்பச் சங்கீதத்துக்கு முன்பாக, விரும்பியவர்கள் எழுந்து தாங்கள் இழந்தவர்களின் பெயர்களைச் சொல்லலாம் என்று போதகர் அழைத்தார். ஒருவர் ஒரு பெயரைச் சொன்னார்; இன்னொருவர் ஒரு வீட்டின் எல்லாப் பெயர்களையும் சொன்னார்; ஒரு தாய் எழுந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் அமர்ந்தார். அன்றைக்குரிய பாடம், யாரும் தேடித் தெரிந்தெடுக்காமலே, வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரமாக இருந்தது. அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார், இனி மரணமுமில்லை, துக்கமுமில்லை, அலறுதலுமில்லை என்ற வசனங்களை வாசித்தவரின் குரல் இடையில் நின்று, பின் தொடர்ந்தது. பிரசங்கம் பத்து நிமிடத்துக்கு மேல் நீளவில்லை. உயிர்த்தெழுந்த சரீரத்திலும் ஆணிக்காயங்கள் இருந்தன, தோமா அவற்றைத் தொட அழைக்கப்பட்டான், ஆகவே காயங்களை மறந்துவிட்டு வருமாறு கிறிஸ்து யாரையும் கேட்கவில்லை என்பதே அதன் சாரம். அதன்பின் 98ஆம் சங்கீதத்தை வாத்தியங்கள் இல்லாமல் பாடினார்கள். முதல் வரியில் குரல்கள் மிகக் குறைவு, போகப்போகச் சேர்ந்தன, அழுதுகொண்டே பாடியவர்களும் இருந்தார்கள். ஆராதனை முடிந்து, போரின் இறுதி நாட்களில் மக்கள் குடித்ததை நினைவுகூர்ந்து, அரிசியும் உப்பும் தண்ணீரும் மாத்திரம் கொண்ட கஞ்சியைச் சிரட்டைகளில் பகிர்ந்து குடித்தோம். ஐம்பது நாள் பண்டிகை எதற்கு என்று என்னிடம் யாராவது கேட்டால் அந்த ஞாயிற்றைத்தான் சொல்வேன். ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும் ஈஸ்டரால் அந்த நாளைத் தாங்கியிருக்க முடியாது.

திருவிருந்தைப் பற்றிப் புதியவர்கள் முன்னமே அறிந்திருக்க வேண்டும். அப்பத்திலும் திராட்சரசத்திலும் கிறிஸ்துவின் மெய்யான சரீரமும் இரத்தமும் கொடுக்கப்படுகின்றன என்பது லூத்தரன் விசுவாசம். அதை ஞாபகச் சின்னம் என்று மட்டும் அவர்கள் கொள்வதில்லை. ஆகவே இந்தச் சபையில், வேறு சபைகளிலிருந்து வருபவர்கள் பந்தியில் சேர்வதற்கு முன்பாகப் போதகருடன் பேச வேண்டும். அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன். எனக்கு வருத்தம் தந்தது, இந்த ஒழுங்கை வாசலிலோ ஆராதனை முறைமைப் புத்தகத்திலோ ஓரிடத்திலும் எழுதி வைக்காததுதான். பந்திக்குச் செல்லும் வரிசையில் நின்ற பிறகு மூப்பர் ஒருவர் மெதுவாக வந்து காதோடு சொல்ல, கைகளைக் குறுக்காகக் கட்டி ஆசீர்வாதம் மட்டும் பெற்றுத் திரும்பினேன். மூப்பர் அன்பாகத்தான் பேசினார். ஆனாலும் கூச்ச சுபாவமுள்ள ஒருவர் அதன்பின் திரும்பி வராமலே இருந்துவிடுவார். பின்னர் போதகர் என்னுடன் நெடுநேரம் அமர்ந்து, அவசரப்படுத்தாமல், என் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். அந்த உரையாடல் முன்கூட்டியே நடந்திருக்கலாம்.

ஞாயிறுக்கு வெளியேயுள்ள வாழ்வு இந்தச் சபையின் பலம். ஈஸ்டர் காலத்தில் ஒவ்வொரு கிழமையும் ஒரு வீட்டில் மாலைக் கூட்டம் நடக்கிறது. லூத்தர் 1529இல் வீட்டுத் தலைவர்களுக்கென எழுதிய சிறிய ஞானோபதேசம் என்னும் விசுவாச வினாவிடை நூலை வரிவரியாகப் படிக்கிறார்கள். ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் வீடுகளுக்கு முன்னுரிமை. பழைய மனுஷன் தினமும் மனந்திரும்புதலினால் மூழ்கடிக்கப்பட்டு, புதிய மனுஷன் தினமும் எழும்ப வேண்டும் என்ற ஞானஸ்நானப் பகுதியை, ஒரு சிறிய வீட்டின் விறாந்தையில், அண்மையில் ஞானஸ்நானம் பெற்ற இளைஞர் ஒருவரே உரத்து வாசித்தார். படுக்கையிலிருக்கும் முதியவர்களுக்குத் திருவிருந்து வீட்டுக்குப் போகிறது; போதகருடன் சபையார் இரண்டு மூன்று பேரும் செல்வதால் அந்த அறையே ஒரு சிறு சபையாகிவிடுகிறது. வீட்டுக் கூட்டங்களில் வாழைப்பழமும் தேநீரும் தவிர வேறு எதுவும் வைக்கக்கூடாது என்று சபையார் தமக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். வசதி குறைந்த வீடுகளும் தயக்கமின்றி அழைப்பதற்காகவே இது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை எனக்குத் திருப்தி இல்லை. ஞாயிறு பாடசாலை ஆராதனையின் அதே நேரத்தில் அடுத்த அறையில் நடப்பதால், சிறுவர்கள் மெழுகுதிரியையும் பாடல்களையும் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். பெரியவர்கள் இவ்வளவு அக்கறையோடு காக்கும் பண்டிகையை அடுத்த தலைமுறை ஒரு சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஒலிபெருக்கி அடிக்கடி இரைகிறது; அந்த அளவு மண்டபத்துக்கு அது தேவையே இல்லை. மின்விசிறிகள் நடுவரிசைக்கு மேல் மாத்திரம் உண்டு.

மே 29, வியாழக்கிழமை மாலை, கிறிஸ்து பரலோகத்துக்கு ஏறியதை நினைவுகூரும் பரமேறுதல் ஆராதனைக்கு வந்தவர்கள் மிகச் சிலர். வேலை நாளென்பதால் குறை சொல்ல முடியாது. என்றாலும் ஆராதனையின் எந்தப் பகுதியையும் சுருக்காமல் முழுமையாக நடத்தினார்கள். பெந்தெகோஸ்தே அன்று பலிபீடத்தில் சிவப்புத் துணி விரித்து, மெழுகுதிரியைக் கடைசியாக ஏற்றி, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வேதபாடம் வாசித்தார்கள்.

போக விரும்புபவர்கள் ஆராதனை தொடங்குவதற்குக் கால்மணி நேரம் முன்னதாகச் செல்வது நல்லது. முறைமைப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கும். பதில்மொழிகள் வேகமாக வருவதால், முதல்முறை செல்பவர் முதியவர் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்தால் எந்தப் பக்கம் என்று அவர் விரலால் காட்டிக்கொண்டே வருவார். திருவிருந்தைப் பற்றிப் போதகருடன் பேசுவதற்கும் அந்தக் கால்மணி நேரமே வசதியானது.